தேங்காயெண்ணெய் பூசிய பலகை

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையில், ஒரு பஜ்ஜிக் கடைக்கும் ஒரு பஞ்சர் கடைக்கும் நடுவில், என் அம்மாவின் தம்பி மூன்று வருஷம் சர்ஃபிங் பலகைக் கடை வைத்திருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட, முனை கூராக இழைத்த பலகைகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருக்கும். கடலில் அலை எழும்பும்போது மேலே ஏறி நின்று கரைவரை வழுக்கிக்கொண்டு வருவதற்கானவை அவை. கடைக்குள் வந்தவர்களில் பாதிப்பேர் இஸ்திரி மேசை என்ன விலை என்று கேட்டார்கள். மீதிப்பேர் பஞ்சர் கடையில் டியூப் கழற்றும்வரை நிழலுக்கு ஒதுங்கியவர்கள்.

மாமா சிதம்பரத்தில் பாலிடெக்னிக் படித்தவர். துறைமுகத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கும் வேலையில் ஆரம்பித்து, சென்னைக்குத் தெற்கே ஒரு சர்ஃபிங் பள்ளிக்கு உடைந்த பலகைகளை ஒட்டித் தரப் போய், ஒட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடலில் இறங்கி, அப்படியே அலைமேல் நிற்கக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது ஒன்பதடி நீளத்தில் சொந்தப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் சம்மதிக்கவில்லை என்று ஒரு காலி லாரியில் பலகையோடு படுத்துக்கொண்டு வந்தாராம். எங்கள் குடும்பத்தில் நெல் போட்டவர்கள் உண்டு, உளுந்து போட்டவர்கள் உண்டு, கீரப்பாளையத்தில் உரக்கடை வைத்தவரும் உண்டு. கடலை நம்பிப் பிழைக்கலாம் என்று நினைத்த முதல் ஆள் மாமாதான்.

அதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. கடலுக்குப் பயப்படாதவர்களுக்குப் பலகை தேவைப்படவில்லை. மீனவப் பிள்ளைகள் மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியைக் கவிழ்த்துப் போட்டு, காசு பணமில்லாமல் அலையில் வந்துகொண்டிருந்தார்கள். பலகை வாங்கக் கையில் காசிருந்தவர்களுக்கோ கடல் தேவைப்படவில்லை. சுனாமி வந்து போன ஊரில் அவர்கள் முழங்காலுக்கு மேல் நனையவே மாட்டார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே காலேஜ் பையன்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் கடைக்கு வந்து ஒவ்வொரு பலகையையும் தூக்கிப் பார்த்து, மாமாவிடம் ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய், ஆன்லைனில் மட்டமான ஒன்றை வாங்கிவிடுவார்கள். பிறகு அது உடைந்ததும் மாமாவிடமே கொண்டுவருவார்கள். மாமா அதையும் முகம் சுளிக்காமல் ஒட்டிக் கொடுத்தார்.

என் அப்பாவுக்குச் சிதம்பரத்தில் பெயிண்ட் கடை. மச்சினன் தன் கடைக்கு வந்து உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசையை அவர் கிண்டலாகத்தான் சொல்வார். மூன்றாவது வருஷம் கிண்டலை விட்டுவிட்டு நேராகவே சொன்னார். "தீபாவளி வரைக்கும் பாரு மச்சான். அதுக்குள்ள ஒரு நல்ல ஆர்டர் வந்தா நடத்து. இல்லன்னா சாவிய குடுத்துட்டு எங்கூட வந்துடு." மாமா சரி என்றார். அப்பாவுக்குக் கொடுத்த வார்த்தையை மாமா மீறியதில்லை.

ஆர்டரும் வருவதுபோல்தான் இருந்தது. கிள்ளைப் பக்கம் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்த பாண்டிச்சேரி அம்மா ஒருவர், அங்கே தங்க வருகிறவர்களுக்கு சர்ஃபிங்கும் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று யோசித்தார். எட்டுப் பலகை வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும். மாமாவே இரண்டுக்கும் பொருந்துவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலில் மாமா அலைமேல் நிற்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. நியாயம்தான். என்றைக்கு வரச் சொல்லலாம் என்று கேட்டதற்கு, விஜயதசமியன்று காலை என்று என் அம்மா முடிவு செய்தார். எதைத் தொடங்கினாலும் விளங்கும் நாள் அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது, காலாண்டு விடுமுறை. தனிக்கட்டையான தம்பியின் கடையில் ஆயுத பூஜை போட ஒரு பெண்பிள்ளை வேண்டாமா என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு நாள் முன்பே கடலூர் வந்துவிட்டார். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், மாமா தன் ஒன்பதடிப் பலகையைக் கடை வாசலில் கிடத்தி, வெள்ளையாக ஒரு கட்டியை எடுத்து அதன் முதுகெங்கும் வட்டம் வட்டமாகத் தேய்ப்பதைப் பார்த்தேன். தேங்காய் வாசம் வீசியது. கடையில் மிச்சமிருந்த அந்த ஒரு கட்டி கரைந்து தீரும்வரை தேய்த்தார். பிறகு, தண்ணீரே ஊற்றாமல், பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சோப்புப் போட்டுவிட்டுக் கழுவாமல் போகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆண்பிள்ளைகள் செய்யும் வேலை இப்படித்தான் அரைகுறையாக இருக்கும் என்று அம்மா அடிக்கடி சொல்வார். அதை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. மாமா பூசணிக்காயும் பொரியும் வாழைக்கன்றும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அம்மா பின்பக்கம் சுண்டலுக்கு அடுப்பு மூட்டியிருந்தார். பலகைகளை ஒரு துணியால் தூசி தட்டு என்பதுதான் எனக்கு இட்ட வேலை. சின்னப் பலகைகள் புதுசு, துடைத்ததும் முடிந்தது. மாமாவின் பலகைதான் முதுகு முழுக்கப் பிசுபிசுவென்று, காய்ந்த சோப்பு திட்டுத்திட்டாக அப்பிக் கிடந்தது. நான் அதை வெயிலில் போட்டேன். ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்டீல் ஸ்கேலால் சுரண்டினேன். அம்மா பார்க்காத நேரம் அடுப்பிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் மொண்டுவந்து ஊற்றி, பாத்திரம் விளக்கும் பவுடர் போட்டுத் தேய்த்தேன். வேலை சுலபமாக இல்லை. ஆனால் எடுத்த காரியத்தை நான் விடுகிறவள் அல்ல.

கழுவிக் காய்ந்த பிறகும் எனக்குத் திருப்தி வரவில்லை. அப்பாவின் கடையில் ஆயுத பூஜையன்று தராசு, சுத்தியல், ஷட்டர் பூட்டு என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். பளபளக்காத ஆயுதம் ஓர் ஆயுதமா? அம்மாவின் பையில் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் பாட்டில் இருந்தது. அதில் பாதி மாமாவின் பலகைக்குப் போயிற்று. முகம் தெரியும்வரை தேய்த்தேன். பிறகு நானே மூன்று இடத்தில் விபூதிப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலையையும் சாற்றினேன். மாமா திரும்பி வந்தபோது அது சாமி படங்களுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமா தொடவில்லை. அதைத் தள்ளி நின்று பார்த்து, என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

விஜயதசமியன்று காலையில் அப்பாவும் சிதம்பரத்திலிருந்து வந்துவிட்டார். விடுதி அம்மா காரில் வந்தார், கூட அவருடைய மேனேஜர். எல்லோரும் மணலில் வரிசையாக நின்றோம். அலை நன்றாகத்தான் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா கற்பூரம் காட்டி, மாலையைக் கழற்றி, பலகையை மாமாவின் கையில் கொடுத்தார். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கி நடந்தபோது வேட்டைக்குப் போகும் ராஜா மாதிரி இருந்தார். தண்ணீரோரம் போய்ப் பலகையைக் கீழே வைத்து, உள்ளங்கையால் அதன் முதுகை ஒருமுறை தடவினார். கை நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். ஓடினேன்.

"இத யாரு கழுவுனது?" மெதுவாகத்தான் கேட்டார்.

"நான்தான் மாமா. நீங்க சோப்பு போட்டுட்டு அப்புடியே வுட்டுட்டீங்க. நான் கழுவி எண்ணெ போட்டேன். நல்லா இருக்கா?"

பின்னாலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்னா ஆச்சு மச்சான்? ஏதாவது பண்ணிட்டாளா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்றார். பிறகு என்னிடம், "ரொம்ப நல்லா இருக்கு பாப்பா. நீ அம்மாகிட்ட போ" என்றார். ஈர மணலை இரண்டு கையாலும் அள்ளிப் பலகைமேல் போட்டு அவசர அவசரமாகத் தேய்த்தார். அதுவும் பூஜையில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, நான் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன்.

பிறகு கடலுக்குள் போய் விழுந்தார். முதல் அலையில் எழுந்திரிப்பதற்குள் விழுந்தார். இரண்டாவதில் ஒரு கால் ஊன்றி விழுந்தார். அப்புறம் எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஒரு தடவை குப்புறப் படுத்தவாக்கிலேயே வழுக்கி முன்பக்கமாகப் போய் விழுந்தார். பக்கத்தில் தெர்மாகோல் மூடியில் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவரைச் சுற்றி விலகி, கரைவரை நின்றபடியே வந்து சேர்ந்தார்கள். விடுதி அம்மா அந்தப் பிள்ளைகளுக்குக் கை தட்டினார். அந்த மூடி எங்கே கிடைக்கும் என்று மேனேஜர் அப்பாவை விசாரித்தார்.

"அலை சரியில்ல போலருக்கு" என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அப்பா.

மாமா கரைக்கு வந்தார். முழங்கை சிராய்த்திருந்தது. இப்போதெல்லாம் தினமும் கடலில் இறங்குவதில்லையா என்று அந்த அம்மா மரியாதையாகவே கேட்டார். மாமா தலையைத் துவட்டியபடி, "இல்லீங்க. பழக்கம் வுட்டுப்போச்சு" என்றார். பழக்கம் விட்டுப்போன ஆளை யாரும் வாத்தியாராக வைத்துக்கொள்ள மாட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிக் காரில் ஏறினார்கள். அவர்கள் யோசித்தார்களா என்பது எங்களுக்குத் தெரியவரவே இல்லை.

தீபாவளி முடிந்த மறுவாரம் மாமா கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் வந்து, அப்பாவின் கடையில் பெயிண்ட் கலக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தொப்பையும் இருக்கிறது. நிற்கத் தெரியாதவன் நிற்கிற பலகை விற்றான் என்று அப்பா விசேஷ வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். மாமாவும் கூடச் சிரிப்பார். நானும் பல வருஷம் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

வேலைக்குப் போன பிறகு ஒருமுறை தோழிகளோடு ஒரு சர்ஃபிங் பள்ளிக்குப் போனேன். தண்ணீரில் இறங்குமுன் ஒரு பெண் என் கையில் வெள்ளைக் கட்டி ஒன்றைக் கொடுத்துப் பலகையில் வட்டமாகத் தேய்க்கச் சொன்னாள். தேங்காய் வாசம் வீசியது. அது மெழுகு. அதைத் தேய்த்தால்தான் ஈரக்கால் பலகையில் பிடித்து நிற்கும். தேய்க்காத பலகையே வழுக்கும், எண்ணெய் போட்டால் உலகத்தில் எவராலும் நிற்க முடியாது. அன்று நான் கடலில் இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பிள்ளை கழுவிவிட்டது என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அம்மா இன்னொரு நாள் வந்திருப்பார். ஆனால் என் அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் பேசும். அது மாமாவுக்குத் தெரியும்.

அந்த வருஷம் மாமா பெயிண்ட் கடைக்கு வந்த சில நாளில், காலாண்டு விடுமுறையில் நான் செய்த நல்ல காரியம் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் தமிழம்மா. எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாமா சோப்புப் போட்டுவிட்டு மறந்துபோனதையும், நான் சுரண்டியதையும், வெந்நீர் ஊற்றியதையும், எண்ணெய் போட்டு முகம் தெரிய வைத்ததையும் ஒன்றுவிடாமல் ஒரு பக்கம் எழுதினேன். தமிழம்மா சிவப்பு மையில் மிக நன்று என்று எழுதி வகுப்பில் வாசிக்கவும் வைத்தார். நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெயிண்ட் கடைக்கு ஓடினேன். அப்பா வங்கிக்குப் போயிருந்தார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். ஒரு பக்கம் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"அப்பா பாத்தாச்சா?"

"இல்ல மாமா. வந்ததும் காட்டணும்."

"அப்பாகிட்ட காட்ட வேணாம் பாப்பா. இது எங்கிட்டயே இருக்கட்டும்."

நான் சரி என்று சொல்வதற்குள் அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழியாமல் பிரித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னுடைய மிக நன்று அதோடு போயிற்று. கடை போன வயிற்றெரிச்சலில் இருக்கிறவருக்கு, இன்னொருவர் பாராட்டு வாங்கினால் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினேன். பொங்கல் வரை அவரோடு பேசவில்லை. பொங்கலன்று அவரே வந்து, தோல் சீவிய கரும்புத் துண்டு ஒன்றை நீட்டினார். போனால் போகிறது, பெரியவர் என்று நான் அவரை மன்னித்துவிட்டேன்.