அடக்கி வைத்த இருமல்

கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஜீப் நான்காவது வளைவு திரும்பும்போது அக்காவின் கழுத்து நரம்பு புடைக்கும். இருமல் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பெண்கள், சாப்பாட்டுத் தூக்கோடு அடைந்து கிடப்போம். அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிவாள். நான் உடனே யாரையாவது வம்புக்கு இழுப்பேன். "ஏ மதினி, நேத்து அண்ணன வெளிய நிறுத்திக் கதவச் சாத்திட்டீகளாமே?" என்று எடுத்துவிட்டால் ஜீப் முழுக்கச் சிரிப்பு கிளம்பும். அந்தச் சத்தத்துக்குள் அக்கா இரண்டு தடவை இருமி முடித்துவிடுவாள். இப்படியே ஏழு வருஷம் ஓட்டினோம். இப்போது நினைத்தாலும் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கோம்பையிலிருந்து ஏலத் தோட்டத்துக்குப் போகிறவளுக்கு ஜீப்பில் இடம்தான் எல்லாம். டிபி என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாள் ஜீப் அவள் வீட்டுப் பக்கம் நிற்காது. மாமா போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்கு மிஞ்சியது இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த இடமும்தான். இவள் இறங்கினால், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூத்தவள் ஏற வேண்டியதுதான்.

அதனால் மருந்து. "இருமலே வரக்கூடாது, அப்படி ஒண்ணு குடுங்க" என்று கம்பத்து மருந்துக் கடையில் கேட்டு நான்தான் டானிக் வாங்கி வருவேன். காலையில் கிளம்பும்போது இரண்டு மூடி. இருமல் படுத்துக்கொள்ளும், சளி மட்டும் உள்ளேயே கிடக்கும். வருஷத்துக்கு மூன்று தடவை காய்ச்சல் வரும், ஊசி போட்டால் போகும், மறுபடி வரும். சின்ன வயதில் மணல்வாரி அம்மை போட்டு நெஞ்சில் சளி கட்டிப் பிழைத்தவள் அவள். அன்றிலிருந்து வீட்டில் 'சளி உடம்புக்காரி' என்று பேர். பேர் வைத்ததோடு எங்கள் வைத்தியமும் முடிந்துபோனது.

ஓர் ஐப்பசி மழையில் சளியோடு ரத்தம் வந்தது. பயந்துபோய் தேனிக்குக் கூட்டிப் போனேன். சளியைச் சோதித்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "டிபி இல்லம்மா. இது யாருக்கும் ஒட்டாது. மூச்சுக்குழாய் அங்கங்க விரிஞ்சு போச்சு, சளி மேல ஏறி வராம தேங்கிக் கெட்டுப்போகுது. விரிஞ்சது இனிமே சுருங்காது. ஆனா தினமும் சளிய வெளிய எடுத்துட்டா நல்லாவே இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கும் இது வரும். நாலு வாரத்துக்கு மேல சளி இருமல் இருந்தா தூக்கிட்டு வந்துரணும். இந்த இருமல அடக்கவே கூடாது. யாரு இந்த டானிக்க வாங்கிக் குடுத்தது?"

மேஜையில் இருந்த டானிக் பாட்டிலை எடுத்து நான் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ரத்தம் வந்த செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தது. டிபி இல்லை என்று சீட்டைக் காட்டினாலும் யார் கேட்டார்கள்? மறுநாளிலிருந்து ஜீப் அக்கா வீட்டுப் பக்கம் நிற்கவில்லை. நல்லவேளை, அதற்குள் மூத்தவள் நர்சிங் முடித்து வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்று வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் இதுதான் எங்கள் வேலை. அக்கா இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பாள். டாக்டரம்மா காட்டிக் கொடுத்தபடி உள்ளங்கையைக் குவித்து நான் விலாவில் தட்டுவேன். பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல 'ஹா' என்று ஊதச் சொல்வேன்; சளி மேலே வரும். நிறம் மாறினால், அளவு கூடினால், காய்ச்சல் அடித்தால் தேனிக்கு ஓட வேண்டும். ரத்தம் தென்பட்டால் தட்டவே கூடாது, உடனே ஓட வேண்டும். தீபாவளிக்கும் லீவு கிடையாது, வீரபாண்டித் திருவிழாவுக்கும் கிடையாது. என் தோள்பட்டை விட்டுப்போகிறது. சொன்னால் என்ன, அலுத்துத்தான் போய்விட்டேன். ஆனால் குறை சொல்ல எனக்கு ஏது வாய்? மருந்து வாங்கிக் கொடுத்த கை இதுதானே.

போன வாரம் தட்டிக்கொண்டிருக்கும்போது மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன். "நான் வாங்கிக் குடுத்த மருந்துதான உன்ன இப்படிக் கெடுத்துச்சு. ஒரு நாளாச்சும் என்னையத் திட்டியிருக்கியாக்கா?"

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "உன்னைய எதுக்குடி திட்டணும்? இருமல அடக்காத, நெஞ்சு கெட்டுப்போகும்னு டானிக் குடிக்க ஆரம்பிச்ச மொத வருசமே, ஊசி போடப் போன ஆஸ்பத்திரியில சொன்னாக. உங்கிட்டச் சொன்னா நீ வாங்கித் தர மாட்டியேன்னுதான் சொல்லல. மூத்தவ படிப்பு முடியட்டும்னு இருந்தேன்."

என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அந்தப் பாவத்தை நான் சுமந்து திரிகிறேன். இவள் எல்லாம் தெரிந்தே குடித்திருக்கிறாள். முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

இடது பக்கம் இன்னும் தட்டவில்லை. "திரும்பிப் படு" என்றேன்.