அரவேணு ஃபேக்டரி சரவணனும் எங்கள் ஞாயிறு ஆட்டமும்

சரவணன் இறந்துவிட்டார். நேற்றுக் காலை, வீட்டு வாசலில் பைக்கை எடுக்கும்போது மாரடைப்பு. நாற்பத்து மூன்று வயது.

போனில் கேட்டதும் ஆபீஸிலிருந்து எழுந்து வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போனேன்... மறுபடி வெளியே. எதற்கு எழுந்தேன் என்றே தெரியவில்லை.

என் ஆட்டப் பைத்தியம் தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஒரு மேஜை, நாலு பேர், மூன்று மணி நேரம். அவ்வளவுதான்.

கோவையில் எனக்கு அப்படி ஒரு குழு இருந்தது. குன்னூரில் தேயிலை ஏலத் தரகு ஆபீஸில் வேலை கிடைத்து மேலே வந்த பிறகு, நாலு பேர் கிடைக்கவில்லை.

பேக்கரியில் நோட்டீஸ் ஒட்டினேன். ஒருவர் போன் செய்து ரம்மியா என்று கேட்டார். இன்னொருவர் பரிசு உண்டா என்றார். ஒரு அம்மா தன் மகளுக்கு ஹிந்தி டியூஷன் எடுக்க முடியுமா என்று கேட்டார். நோட்டீஸில் ஹிந்தி என்ற வார்த்தையே இல்லை.

சரவணன் அரவேணு பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வியாழன்தோறும் எங்கள் ஆபீஸுக்குத் தேயிலை சாம்பிள் கொண்டுவருவார். ஒருநாள் என் மேஜையில் கிடந்த இருபது முகப் பகடையைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம்... அரை மணி நேரம் நான் நிறுத்தவில்லை. பின்னால் நின்ற வேறு ஃபேக்டரிக்காரர்கள் சாம்பிளை வைத்துவிட்டு நைசாக நழுவிவிட்டார்கள். இவர் மட்டும் நின்றார்.

"நாலு பேர்தானுங்க மேடம்? நான் புடிச்சுத் தர்றேன்."

பிடித்தார். அவர் ஃபேக்டரி மெக்கானிக் பெள்ளி, பக்கத்துப் பள்ளிக்கூட ஜெனிஃபர் டீச்சர், அவர், நான். ஆள் கிடைத்தும் நாள் கிடைக்கவில்லை. எனக்கும் டீச்சருக்கும் ஞாயிறு லீவு. பறித்த இலையை மறுநாள்தான் அரைப்பார்கள்; தோட்டத்தில் ஞாயிறு இலை பறிக்க மாட்டார்கள் என்பதால் ஃபேக்டரிக்கு லீவு திங்கள். மூன்று மாதம் இதே இழுபறி.

கடைசியில், சனிக்கிழமை இலையை அரைத்து முடித்து, தூள் காய்ந்துகொண்டிருக்கும் ஞாயிறு மூன்று மணி என்று முடிவானது. ஃபேக்டரி ஆபீஸ் ரூமிலேயே. மேனேஜரிடம் சரவணன் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினாரோ தெரியாது.

ஆறே மாதத்தில் கதை சொல்லும் நாற்காலி அவருக்குப் போய்விட்டது. நான் சொன்னால் கதை தலைதெறிக்க ஓடும். அவர் கதையில் அரக்கன் கோட்டைக்குள் நுழையக்கூட கேட் பாஸ் வேண்டும். "யாரப் பாக்கோணும்?" என்று வாட்ச்மேன் கேட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே விடுவான். டீச்சர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

நடுவில் டிரையர் சத்தம் லேசாக மாறினால் போதும், சரவணனும் பெள்ளியும் எழுந்து ஓடிவிடுவார்கள். அரக்கன் ஓங்கிய வாளோடு அப்படியே நிற்பான்.

அப்புறம் அந்தச் சண்டை...

இரண்டு வருடமாக நான் ஆடிய பாத்திரம் மின்னி. திருடி. வெள்ளம் போகும் ஆற்றை நீந்திக் கடக்கிறேன் என்றேன். நிச்சயமா என்று சரவணன் இரண்டு முறை கேட்டார். எனக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது? உருட்டினேன். ஒன்று விழுந்தது, இருபது எண்ணில் இருப்பதிலேயே மோசமானது. மின்னி செத்துப்போனாள்.

இன்னொரு முறை உருட்டுகிறேன் என்றேன். முடியாது என்றார். எனக்கு வந்ததே கோபம். இந்த ஆட்டமே நான் சொல்லிக்கொடுத்தது, இலை எடை போடுகிற ஆளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். ஆமாம், இதே வார்த்தை. பெள்ளியும் டீச்சரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதானுங்க மேடம் ஆடறேன்."

பகடை எல்லாம் என்னுடையது. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறினேன்.

ஐந்து மாதம்.

ஊட்டியில் ஒரு குழு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். சீசன் முடிந்து அவர்கள் பெங்களூர் திரும்பியிருந்தார்கள். கூடலூரில் ஒருவர் இருக்கிறார் என்று பஸ்ஸில் அவ்வளவு தூரம் போனால், அவர் ஆடுவது செஸ். ஆன்லைனில் ஆடிப் பார்த்தேன். மழை வந்தால் நெட் போய்விடும்.

ஞாயிறு மூன்று மணி ஆனால் வீட்டில் கால் தரிக்காது. ஒரு முறை அரவேணு ஸ்டாப்பில் இறங்கினேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். சாம்பிள், கையெழுத்து. இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். அவர் எதிரில் வந்து நின்றதும் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். போன வியாழன் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது, "அங்க வெச்சுட்டுப் போங்க."

நேற்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. பந்தலுக்கும் ரோட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். ஜெனிஃபர் டீச்சர்தான் கையைப் பிடித்து இழுத்துப் போய் அவர் மனைவியிடம் விட்டார். நான் யார் என்று டீச்சர் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானுங்களா அது... அவருக்கு உங்க மேல ரொம்பக் கோவமுங்க. போன வாரங்கூடத் திட்டிட்டுத்தான் இருந்தாரு. நாலு பேர் முன்னால அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமுங்க நீங்க."

ஆமாங்க என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். காலையிலிருந்து நிலைகொள்ளாமல் அலைந்தவள் அங்கேதான் உட்கார்ந்தேன். எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான் சரவணன். சொல்ல ஐந்து மாதம் இருந்தது. சொல்லவில்லை.

போய் வாருங்கள்.