செல்லி சொன்ன பொய்

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது நான் என் நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடலை அளவுதான், வலி இல்லை. "வலிக்கலன்னா ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள் பாக்கியம்.

பாக்கியம் எங்கள் மாத்தளை வீட்டில் பதினெட்டு வருடமாக வேலைக்கு நிற்கிறவள். என் கணவர் குடித்துவிட்டுக் கையை ஓங்கினால் குறுக்கே வந்து நிற்பவளும் அவள்தான். அவளைத்தான் செல்லி என்ற பெயரில் நாவலில் எழுதினேன். எஜமானியின் தாய் செத்த செய்தியை, எஜமானி சாப்பிட்டு முடிக்கும்வரை செல்லி மறைத்துவிடுவாள். பிறகு எஜமானி அவள் கையைப் பிடித்து நன்றி சொல்வாள். அந்தக் காட்சியைக் குசினியில் அவள் சமைக்கும்போது வாசித்துக் காட்டினேன். பாக்கியம் அழுதாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கட்டியிலிருந்து பயொப்ஸி (சதைத்துணுக்கு எடுத்துப் புற்றுநோயா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். முடிவு வாங்கும் நாளில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை மேற்பார்வை. பாக்கியத்தை அனுப்பினேன். நம் ஊரில் நோயாளிக்குச் சொல்லும் முன் சொந்தக்காரருக்குத்தானே சொல்வார்கள்! அவளை என் அக்கா என்று நினைத்து டொக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ரிப்போட் இன்னும் வரலயாம் டீச்சர்" என்றாள் வந்து. அடுத்த முறை, "மிசின் பழுதாம்." நானே போய்க் கேட்டிருக்கலாம். பயம். அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

ஏழு வாரம் கழித்து கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் எடுத்தார். "ஏன் மிஸ், ஒப்பரேசனுக்குத் திகதி போட வரவே இல்ல?"

ரிப்போட் சாமித்தட்டில், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. தினமும் அதற்கு முன்னால் நின்றுதான் திருநீறு பூசியிருக்கிறேன்.

"ஐயாதான் சொல்ல வேணாம்னாரு. நீங்க தாங்க மாட்டீங்கன்னாரு" என்றாள் பாக்கியம்.

பதினெட்டு வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காத என் கணவரும் அவளும் என்னை ஏமாற்ற மட்டும் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். "அடிப் பாவி, இது என் உயிருடி!" என்று கத்தினேன்.

அவள் தலை குனியவில்லை. "செல்லி மறைச்சா மட்டும் நல்லவளா டீச்சர்? நீங்கதானே எழுதுனீங்க?"

மார்பை எடுத்தார்கள். கமக்கட்டின் நிணநீர்க் கணுக்களுக்கும் (கிருமியைத் தடுக்கும் சிறு முடிச்சுகள்) நோய் பரவியிருந்தது. "இந்த ஏழு வாரத்துலயா பரவிச்சு டொக்டர்?" என்று கேட்டேன்.

"அத யாராலயும் சொல்ல ஏலாது, அம்மா."

மருந்தேற்றிய நாட்களில் வாந்திக்குக் கோப்பை பிடித்தவள் பாக்கியம்தான். அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் தெம்பில்லை. அதுவும் ஆத்திரமாக இருந்தது.

கிளினிக் கொரிடோரில் என்னைப் போலக் காத்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள். ரிப்போட்டை மட்டும் உங்கள் கையில் வாங்குங்கள்.

நாவலில் அந்த நன்றியை வெட்டிவிட்டேன். செல்லியின் அன்பைப் பக்கம் பக்கமாக எழுதிய நான், ஏமாந்தவளுக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. இப்போது எஜமானி ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "நான் சாப்பிடும்போது உனக்குத் தெரியுமா?"

இடது தோளில் பை நிற்பதில்லை. அதற்குப் பழகிவிட்டேன். அந்த ஏழு வாரத்துக்குத்தான் பழக முடியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என் உடம்புக்கும் தெரிந்திருந்தது. அதில் ஒரு நாள் பாக்கியம் பலாக்காய்க் கறி ஆக்கினாள். நல்ல ருசி. இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.