முழு வாக்கியம் பேசிச் சாகிறவர்கள்

டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயர் ‘கடைசி ரீல் அக்கா.’ ரீல் என்ற சாமானே ஒழிந்துபோன பிறகும் அந்தப் பெயர் ஒழியவில்லை. கதாநாயகிக்குக் குரல் கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். தேன் ஒழுகப் பேசுவார்கள், காரில் வந்து இறங்குவார்கள். இவளுக்கு வாய்த்ததெல்லாம் கெட்டவர்கள். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள், குடிப்பவள், கூடப் பிறந்தவளின் வாழ்க்கையைக் கெடுத்தவள், பிள்ளையைத் தவிக்க விட்டுப் போனவள். படம் முழுக்க எகத்தாளம் பேசிவிட்டு, கடைசியில் மாடியிலிருந்து விழுந்தோ லாரியில் அடிபட்டோ போய்ச் சேருவார்கள். அந்தச் சாவுக்கு இவளை விட்டால் ஆள் கிடையாது என்று எந்த டைரக்டரும் ஒத்துக்கொள்வார்.

சாவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். நல்லவள் சாகும்போது பேச்சு பாதியில் அறுந்துவிட வேண்டும். ‘குழந்தைய...’ என்பதோடு தலை சாய்ந்துவிட வேண்டும். அப்போதுதான் தியேட்டரில் மூக்கை உறிஞ்சுவார்கள். கெட்டவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. செய்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, வாக்கியத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அவள் உயிரை விட வேண்டும். மிச்சம் வைத்துவிட்டுப் போனால் பார்க்கிறவனுக்கு மனசு ஆறாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் எஞ்சினியருக்கும் அவளுக்கும் இந்த விஷயத்தில் ஒத்தே போகாது.

“ஹீரோ இருபது பேர வெட்டிட்டு மாலையும் கழுத்துமா நிக்கிறான். இந்தப் பொண்ணு ஒரே ஒரு பொய் சொன்னா. அதுக்கு லாரியாக்கா? கொஞ்சம் ஓவரா இல்ல?” என்பான் அவன்.

“அந்த ஒரு பொய்யால எத்தன பேரு நடுத்தெருவுல நின்னாங்கன்னு பாத்தியா? சாகட்டும். நல்லா வேணும்.”

“திருந்த ஒரு சான்ஸ் குடுக்கக்கூடாதா?”

“திருந்துறதெல்லாம் படத்துலதான் தம்பி. வீட்டுல யாரும் திருந்தி நான் பாக்கல. மைக்க ஆன் பண்ணு.”

வீட்டில் அவள் பார்த்தது தங்கையை. பொய் சொல்வதில் தங்கை படு கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றுவலி, பாத்திரம் தேய்க்காமலிருக்க மூச்சிரைப்பு. சில நாள் அக்காவோடு ஸ்டூடியோவுக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பாள். அக்கா செத்த சாவையெல்லாம் வீட்டுக்கு வந்து அச்சு அசலாகச் செய்து காட்டுவாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக அவளுடைய பொய்களை அக்கா கண்டும் காணாமல் விட்டதும் உண்டு.

தங்கைக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்து, குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடக்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். “மூச்சு முட்டுதுக்கா. டாக்டரப் பாத்துட்டு வந்துடறேன், பாப்பாவப் பாத்துக்க” என்றாள். அக்கா பதறியடித்து வண்டி பிடித்து ஏற்றிவிட்டாள். வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவள் இஷ்டப்பட்ட ஒருவன் வேறு ஒரு தெருவில் காத்துக்கொண்டிருந்தான்.

குழந்தையின் அப்பன் அவமானம் தாங்காமல் ஊரை விட்டுப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். போகிற போக்கில் குழந்தையை அக்கா தலையில் கட்டினான். அக்காவுக்கும் அப்போது ஒரு வரன் முடிவாகியிருந்தது. பிள்ளையை எங்கேயாவது விட்டுவிட்டு வா என்றார்கள் அந்த வீட்டில். இவள் முடியாது என்றாள். வரன் கைகழுவிவிட்டது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே டப்பிங் பேசினாள். நடுவில் அது இருமினால் மறுபடி முதலிலிருந்து சாக வேண்டும். இத்தனைக்கும் காரணமானவள் மேல் அவளுக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். யாரும் அதைக் குறை சொல்ல முடியாது.

பாப்பா வளர்ந்து காலேஜுக்குப் போனாள். லீவு நாளில் பெரியம்மாவும் பெண்ணும் டிவியில் படம் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது செத்தால் பெரியம்மா கேட்பாள், “என்ன சொல்ற, பாவமா?” பெண் யோசிக்கவே மாட்டாள். “நல்லா வேணும் பெரியம்மா.” பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும். யாரை நினைத்துச் சொல்கிறோம் என்பது இரண்டு பேருக்குமே தெரியும், வாய்விட்டுச் சொன்னது மட்டும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம். ஸ்டூடியோ மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“அக்கா, நாந்தான். என்னால மூச்சு விட முடியல. பாப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டிட்டுப் போ. அதுக்கப்புறம் நான் உன்ன எதுவும் கேக்கமாட்டேன்.”

இத்தனை வருஷம் கழித்தும் குரல் உடனே பிடிபட்டது. அக்காவுக்கு அதைக் கேட்கத் தெரிந்தது ஒரே மாதிரிதான், டப்பிங் காதோடு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அளவெடுத்து விட்ட இடைவெளி. ஒரு வார்த்தையாவது அறுந்து விழவில்லை. எல்லாம் முழுசு முழுசாக முடிந்திருந்தது. தன்னைப் பார்த்துக் கற்ற சாவையே தன்னிடம் செத்துக் காட்டுகிறாள் என்று தோன்றியதும் உச்சந்தலைவரை எரிந்தது.

“நல்லாத்தான் பண்ற, தொழில மறக்கல. ஆனா நெஜமா மூச்சு முட்டுறவ இவ்வளவு முழுசா பேசமாட்டாடி. அந்த ஒரு தடவ ஏமாந்தேன், போதும்.” போனை வைத்துவிட்டு நம்பரையும் பிளாக் செய்தாள். சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டுப் போய், விஷம் குடித்த ஒருத்திக்காகச் செத்தாள். பிரமாதம் என்றார்கள்.

அந்த வாரமே இன்னொரு நம்பரிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. தங்கையோடு இத்தனை வருஷம் இருந்தவன். “நேத்து முடிஞ்சிருச்சுங்க. நுரையீரல் போயிருச்சுன்னு டாக்டருங்க அப்பவே கைய விரிச்சுட்டாங்க” என்றான். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவன் நிறுத்தவில்லை. “அவளுக்கு ரெண்டு வார்த்த சேந்தாப்ல வராதுங்க. உங்களுக்கு போன் பண்ணணும்னு அன்னிக்கு காலையிலேருந்து சொல்லிச் சொல்லிப் பாத்தா. திக்கித் திணறிப் பேசினா அக்கா நடிப்புன்னு நெனச்சுக்கும், ஒழுங்கா பேசணும்னு சொன்னா. பேசி முடிச்சதும் மயக்கமாயிட்டா. நீங்க வருவீங்கன்னு கடைசிவரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தா.”

அவன் திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பாப்பா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “உங்கம்மா போயிட்டாடி” என்றாள் பெரியம்மா. பெண்ணின் கை நின்றது. பிறகு கையில் இருந்த சட்டையை நான்காக மடித்து மேலே வைத்தாள்.

“எனக்கு அழுகையே வரல பெரியம்மா. பெத்த பிள்ள உயிரோட இருக்கான்னு ஒரு தடவகூடக் கேக்காதவங்க. நல்லா வேணும்.” சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. பெண் கடைசிவரை இவளுக்கே பெண்ணாக இருப்பாள். இவளுக்கென்று உலகத்தில் வேறு நாதி கிடையாது.  ஆனால் பெண்ணின் வாயிலிருந்து வந்தது தன்னுடைய பேச்சு. அதை அந்தக் குழந்தை முகத்தில் பார்க்கச் சகிக்கவில்லை.

“கேட்டாடி” என்றாள். “திங்கக்கிழம போன் பண்ணா. உன்ன ஒரு தடவ பாக்கணும்னா. நடிக்கிறான்னு நெனச்சு நான் வெச்சுட்டேன்.”

“நான் எங்க இருந்தேன் அப்ப?”

“காலேஜ்ல.”

 மடித்த துணிகளுக்கு நடுவில் பெண் அப்படியே உட்கார்ந்தாள். “எனக்கு அவங்க குரலே ஞாபகம் இல்ல” என்றாள். பிறகு, “உனக்குத்தான் யார் குரலும் வருமே. அவங்க சொன்னத, சொன்ன மாதிரியே சொல்லு.”

“வேணாம்டி கண்ணு.”

“சொல்லு பெரியம்மா.”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். தங்கையின் குரலைத் தேட வேண்டியிருக்கவில்லை, ஒரு வயிற்றில் பிறந்த குரல். “அக்கா, நாந்தான்” என்று ஆரம்பித்தாள். இடைவெளிகளை அன்று கேட்டபடியே விட்டாள். தங்கையைப் போலவே அந்த இடைவெளிகளில் மூச்சை உள்ளே இழுக்காமல் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நெஞ்சு அடைத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதை எப்படி முடித்தாள் அவள் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள்.

“இன்னொரு தடவ” என்றாள் பெண், கண்ணை மூடிக்கொண்டு.

மறுபடி சொன்னாள். “பாப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டிட்டுப் போ.”

“வரேம்மா” என்று அந்தக் குரலுக்குப் பதில் சொன்னாள் பெண்.