சாயத்தில் முக்கிய சட்டைகள்

அண்ணன் மூளைக்காய்ச்சலில் இறந்து முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும், அவர் பார்த்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அருப்புக்கோட்டைக்கு வெளியே இருந்த நூற்பாலை அது. டைம் ஆபீஸில் உட்கார்ந்து, ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு டோக்கன் எடுத்துக் கொடுக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கம். மழை பொய்த்து, எம்.ரெட்டியபட்டியில் எங்கள் பருத்திக்காடு காய்ந்து கிடந்தது. வேறு யோசனைக்கு இடமில்லை.

மானேஜர் ஒன்றே ஒன்று சொன்னார். "மெஷின் பக்கம் வேட்டி ஆகாது. பேண்ட் சட்டை போட்டு வாங்க."

என்னிடம் பேண்ட் கிடையாது. அம்மா அண்ணனின் தகரப்பெட்டியைத் திறந்தாள். மூன்று பேண்ட், நான்கு கோடு போட்ட சட்டை. பேண்ட்டின் அடியை மட்டும் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. சட்டைகள் தோள் அளவுகூட மாறாமல் பொருந்தின. எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

டைம் ஆபீஸ் சன்னல் தாழ்வானது. வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பவரின் நெஞ்சும் கையும் தெரியும், முகம் தெரியாது. முதல் நாள் காலை, வரிசையில் வந்த ஒரு பெண் டோக்கனுக்கு நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆத்தாடி, அவுகதான்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் டோக்கன் வாங்கினார்கள்.

ஒரு மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அண்ணன் மனைவி, என் மதினி, வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"இன்னைக்குப் பஸ்ஸு சீக்கிரம் வந்திருச்சாக்கும்" என்றபடி வந்து, என் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கினாள். நிமிர்ந்தாள். அழவில்லை. சட்டியைத் திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் அம்மாவிடம், "இனிமே இந்தச் சட்டை வேண்டாம்மா" என்றேன்.

"ஏன்யா? நீ வாசலத் தாண்டிப் போறப்ப பின்னால இருந்து பாக்குறேன். எம்புள்ள வேலைக்குப் போற மாதிரியே இருக்கு. அதையும் எடுத்திராத."

அதனால் காலையில், மதினி தண்ணீருக்குப் போன நேரமாகப் பார்த்து, அம்மா பார்க்க அந்தச் சட்டையில் கிளம்பினேன். மாலையில் ஊருக்கு முன்னால் கருவேல மரங்களின் மறைவில் நின்று, பையிலிருந்த என் பழைய சட்டைக்கு மாறிக்கொண்டு, மதினி முன்னால் போய் நின்றேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

மதினிக்கு எப்படித் தெரிந்ததோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் நான்கு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டாள். தாலி இறங்கி ஆறு மாதம் ஆகாதவள் தனியாகப் போனதை ஊரே பேசியது. நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றில் கெஞ்சிக் கேட்டு, நான்கையும் கருநீலத்தில் முக்கி வாங்கி வந்தாள். பித்தான்கள்கூட நீலமாகியிருந்தன.

கொடியில் உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "தம்பி, இனி இது உங்க சட்டை. மரத்தடியில நின்னு மாத்த வேணாம்."

அம்மா கொடியருகே போய் ஒரு சட்டையை முகத்தில் வைத்து மோந்தாள். சாய நெடிதான் அடித்திருக்கும்.

"பாவி, கொன்னுட்டியே" என்றாள்.

அதற்குப் பிறகு மதினியோடு அவள் பேசவே இல்லை. தை பிறந்ததும் மதினியின் அண்ணன் பந்தல்குடியிலிருந்து வந்து அழைத்துப் போனார். பஸ் வரைக்கும் நான் போனேன். மதினி என் சட்டையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து, "உடம்பப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாள்.

அது கெட்டிச் சாயம் இல்லை. துவைக்கத் துவைக்க வெளுத்தது. பங்குனியில் ஒரு காலை, முதுகுப்பக்கம் பழைய கோடுகள் மங்கலாகத் தெரிவதை அம்மாதான் கண்டாள்.

"அந்தப் பக்கம் திரும்பி நட" என்றாள்.

நடந்தேன். கதவைப் பிடித்து நின்றவள், அண்ணனை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா, வாரேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.