ஆற்று மணலில் அன்று நடந்தது

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் பட்டம் பெற்றவன் நான். என்னைக் கேளாமல் எந்தப் பயணமும் முடிவானதில்லை. சென்ற வாரம் சந்தவாசல் வீட்டில் உறவினர் கூடி, ராஜஸ்தான் பாலைவனத்து மணல்மேட்டுப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டார்கள். பெயர்ப் பட்டியலில் நான் இல்லை.

“அண்ணன வுட்டுடலாம்பா. நம்ம ஆத்து மணல்லயே காணாம போய் அழுதவரு, அங்க இன்னா பண்ணுவாரு?” என்றாள் தங்கை. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் மகன் அந்தப் பாலைவனத்திலிருந்து முன்பு கொண்டுவந்த மணலை என் உள்ளங்கையில் கொட்டினான். அந்த நறநறப்பில் என் ஏழாம் வயது திரும்பியது. கோடையில் வறண்ட ஆற்றுக்குக் கட்டுச்சோற்றுடன் போயிருந்தோம். அப்பா மணலைத் தோண்டினார். முழங்கை ஆழத்தில் ஈரவாசனையோடு குடிநீர் ஊறியது.

“மாடு வாய் வெக்காம பாத்துக்கடா. நான் சொல்றவரைக்கும் எழுந்துக்காத,” என்று ஊற்றோரம் என்னை உட்காரவைத்தார்.

மாலையில் இரண்டு மாட்டுவண்டிகள் கிளம்பின. நான் மற்ற வண்டியில் இருப்பதாக இரண்டு வண்டியில் இருந்தவர்களும் நினைத்துக்கொண்டார்கள். பாதி வழியில் தெரிந்து அப்பா ஓடிவந்தபோது, நான் அதே இடத்தில் இருந்தேன். ஊற்றும் கலங்கவில்லை.

பட்டியலை வாங்கி என் பெயரை எழுதினேன். பிறகு தங்கையிடம் சொன்னேன்: நான் காணாமல் போகவில்லை, என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அழுதவர் அப்பா.