பயனாளி கிஷான்

நவம்பர் பிறப்பதே கபிரியேலுக்குப் பிடிக்காது. நாவலப்பிட்டி ரயில் நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். படிவம் நிரப்புவதும் கையெழுத்து வைப்பதும் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டிய ஒரு வருமான வரிப் படிவத்தில், பயனாளி என்ற இடத்தில், கிஷான் என்று எழுத வேண்டியிருந்தது. கிஷான் அவருடைய அக்கா ஐரினின் மகன். இரண்டாயிரத்து ஏழில், இருபத்துமூன்று வயதில், கொழும்புக்கு வேலைக்குப் போன இடத்தில் காணாமல் போனவன்.

மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க ஐரின் கடைசிவரை சம்மதிக்கவில்லை. “அவன் வந்து வாசல்ல நின்னா, ஒன்ன செத்துட்டன்னு எழுதிக் குடுத்துட்டேன்னா சொல்றது?” என்பாள். குண்டசாலையில் கணவர் கட்டிய மாடிவீடு அவள் பெயரில் இருந்தது. மரண சாசனத்தில் அதை மகனுக்கென்று எழுதினால், ஏற்க ஆளில்லாமல் எல்லாம் முடங்கிக் கிடக்கும் என்றார் சட்டத்தரணி. அவர் சொன்ன வழிப்படி, வீட்டை ஒரு நம்பிக்கைப் பொறுப்பாக, அதாவது ட்ரஸ்ட்டாக, எழுதினாள். உறுதிப் பத்திரத்தில் கபிரியேலின் பெயர் இருக்கும். ஆனால் வீடு அவருக்குச் சொந்தமில்லை. கிஷானுக்காக அவர் அதைக் காக்க வேண்டும். வாடகைக்கு விடலாம், விற்க முடியாது. அவன் வந்தால் அவனிடம் ஒப்படைக்க வேண்டும். அவன் இல்லை என்று சட்டப்படி நிச்சயமானால் மட்டும் ஐரினின் மகள், கிஷானின் தங்கை றேணுகாவுக்குப் போகும். எழுதி ஐந்தாம் வருஷம் ஐரின் கண்ணை மூடினாள்.

மீதியைப் புரியவைத்தவர் கட்டுகஸ்தோட்டையில் வரி வேலைகளைப் பார்க்கும் நிஸாம்.

“ட்ரஸ்ட்டும் ஒரு ஆள் மாதிரித்தான் அங்கிள். அதுக்குத் தனி ஃபைல், தனி வரி. உங்களுக்கும் எனக்கும் ஒரு அளவு வருமானம் வரைக்கும் வரி இல்லாம விடுவாங்க. இதுக்கு அந்தச் சலுகை இல்ல. வர்ற வாடகையில முதல் ரூபாயிலேருந்தே வரி.”

ஒரு ஆள் மாதிரி என்ற அந்தப் பேச்சு கபிரியேலின் மனதில் போய் ஒட்டிக்கொண்டது. கிஷானின் பெயரை எழுதும்போதெல்லாம், தோளுக்குப் பின்னால் நின்று யாரோ அதை வாசிப்பது போலிருக்கும். கொழும்பு வேலையைத் தேடிக்கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு ரயில் சீட்டையும் அவரே தன் கையால் கொடுத்து, யன்னலோரமாகப் பார்த்து உட்காரவைத்து அனுப்பினார். ஐரின் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன நவம்பரில் ஒருநாள் காலை ஸுமைராவிடமிருந்து அழைப்பு வந்தது. மடவளையைச் சேர்ந்த ஆசிரியை; குண்டசாலை வீட்டில் வாடகைக்கு இருப்பவள்.

“அங்கிள், இப்ப ஒருத்தர் வாசல் கேட்டடியில வந்து, கிஷான் ஈக்கிறாரான்னு கேட்டார். அப்பிடி யாரும் இங்க இல்லன்னு சொன்னேன். போயிட்டார்.”

கபிரியேல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “என்ன வயசிருக்கும்?”

“நாப்பது ஈக்கும். மெலிஞ்ச ஆள். பேர் சொல்லல்ல.”

கிஷானுக்கும் இப்போது நாற்பது. தன்னைப் பற்றித் தானே வந்து விசாரிப்பானா? வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வந்தவன் அப்படித்தான் கேட்பானோ? றேணுகாவுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னார். அவள் “ஆ” என்றதோடு சரி.

மூன்று நாள் குண்டசாலைக்கு அலைந்தார். திரிவீல்கள் நிற்கும் தரிப்பிடத்தில் கேட்டார், கடைகளில் கேட்டார். பஸ்ஸில் ஏறுகிற மெலிந்த மனிதர்களின் முகங்களையெல்லாம் பார்த்தார். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை கோயிலில் முழந்தாளிட்டபோதுதான், தன் உதடு எதை முணுமுணுக்கிறது என்று அவருக்கே கேட்டது. ஆண்டவரே, அது அவனாக இருக்கக் கூடாது.

மறுநாள் படிவத்தில் கையெழுத்து வைக்க நிஸாமிடம் போனார். அவரைக் கண்டதும் நிஸாம் எழுந்துவிட்டார்.

“மன்னிச்சுக்கோங்க அங்கிள். ரிஸ்கான் இங்க புதுசு, விஷயம் தெரியாது. எல்லாருக்கும் வரி இலக்கம் எடுக்கணும்னு சட்டம் வந்திருக்குல்ல, பயனாளிகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வரலாம்னு குண்டசாலைக்கு அவரே போயிருக்கார்.”

பக்கத்து மேசையில் மெலிந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“ஃபைல்ல அந்த விலாசம்தான் சேர் இருந்துச்சு,” என்றார் ரிஸ்கான்.

அதை எழுதியவர் கபிரியேல்தான். காணாமல் போனவனுக்கு வேறு எந்த விலாசத்தை எழுதுவது?

அங்கிருந்து நேரே நாவலப்பிட்டியில் றேணுகா குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொல்லிவிட்டு, பதினேழு வருஷமாகச் சொல்லாததையும் சொன்னார். “அவன கொழும்புக்கு அனுப்புனது நான்தானே. வந்தது அவன்னு நெனச்சப்ப எனக்குச் சந்தோஷம் வரலம்மா. பயம்தான் வந்துச்சு. ஏன் மாமா என்னைய அனுப்புனீங்கன்னு கேட்டுருவானோன்னு.”

றேணுகா அவருக்கெதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க போன் பண்ணுனப்ப எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது அந்த வீடுதான் மாமா. அண்ணன் இல்ல. சான்றிதழ் எடுக்கலாம்னு மூணு தடவ படிவம் வாங்கிட்டு வந்து கிழிச்சுப் போட்டிருக்கேன். எழுதுனா, நானே கொன்ன மாதிரி இருக்கும்னு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க சொமந்தது போதும். இனி நான் பாத்துக்கறேன்.”

ஜனவரியில் சட்டத்தரணியின் அலுவலகத்தில் கபிரியேல் பொறுப்பிலிருந்து விலகி, அந்த இடத்துக்கு றேணுகாவை நியமித்துக் கையெழுத்திட்டார். சான்றிதழுக்கு அவள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்த வருஷப் படிவத்தை அவளே நிரப்பினாள். அண்ணனின் பெயரை எழுதி, இலக்கம் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டாள் என்று நிஸாம் சொன்னார்.

கபிரியேல் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் பஸ் தரிப்பிடத்தில் பின்னாலிருந்து யாராவது “மாமா” என்று கூப்பிட்டால் அவர் கால் நின்றுவிடும். உடனே திரும்பமாட்டார். கூப்பிட்டவர் வேறு யாரையோ கூப்பிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நடப்பார்.